ஹிப்ஹாப்காரர்கள் பேசும் சொற்கள்: முதல்முறை கேட்பவருக்கு

ஃபங்க் என்ற அமெரிக்கக் கறுப்பர் நடன இசையின் பழைய பாட்டுகளில் ஓர் இடம் வரும். பாடுகிறவர் நிறுத்துவார், டிரம்பெட் ஓயும், கிடார் அடங்கிவிடும். டிரம்ஸ் வாசிப்பவர் மட்டும் தனியாக அடிப்பார். நம் கச்சேரியின் தனி ஆவர்த்தனம் போலத்தான், ஆனால் ஐந்தாறு நொடிக்குள் முடிந்துவிடும். மற்றவர்கள் வந்து சேர்ந்துகொள்வார்கள், பாட்டு தன் வழியில் போகும். அந்த ஐந்தாறு நொடிக்குப் பெயர் ‘பிரேக்’. ஹிப்ஹாப்பில் ஒரே ஒரு சொல்தான் கற்றுக்கொள்ள நேரம் உண்டு என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். மற்ற பல சொற்கள் இதன் வயிற்றில் பிறந்தவை.

பிறந்த இடத்துக்கு முகவரியே உண்டு. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி, செட்விக் அவென்யூ, கதவு எண் 1520. 1973 ஆகஸ்ட் 11 அன்று அந்த அடுக்ககத்தின் பொது அறையில் சிண்டி கேம்ப்பெல் என்ற பெண் ஒரு விருந்து வைத்தார். பள்ளி திறக்கப்போகிறது, புதுத் துணி வாங்கப் பணம் வேண்டும். பெண்களுக்கு நுழைவுக் கட்டணம் 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட். இசைத்தட்டு போட்டவர் அவருடன் பிறந்த கிளைவ். ஜமைக்காவின் கிங்ஸ்டனில் பிறந்து 1967-ல் நியூயார்க் வந்தவர், அப்போது வயது 18. டிஜே கூல் ஹெர்க் என்று உலகம் அறிவது அவரைத்தான்.

ஆடுகிறவர்களில் ஒரு கூட்டம் பாட்டு முழுக்கச் சுவரோரம் நின்றுவிட்டு, பிரேக் வந்ததும் நடுவில் பாய்வதை ஹெர்க் கவனித்திருந்தார். அவர்களுக்கு வேண்டியது அந்தச் சில நொடிதான். அப்படியானால் அதையே ஏன் நீட்டக் கூடாது? ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதிகள் வாங்கி, தட்டைச் சுழற்றும் கருவியான டர்ன்டேபிள் இரண்டில் வைத்தார். ஒன்றில் பிரேக் முடியும்போது இன்னொன்றில் அதே பிரேக்கைத் தொடங்குவார். அது ஓடும்போது முதல் தட்டைப் பின்னுக்குச் சுற்றித் தயாராக வைப்பார். ஐந்து நொடி ஐந்து நிமிடம் ஆனது. சுற்றிச் சுற்றி வருவதால் இதற்கு ‘மெர்ரி-கோ-ரவுண்ட்’, அதாவது ராட்டினம், என்று அவர் பேர் வைத்தார்.

அந்தப் பிரேக்குக்காகக் காத்திருந்து ஆடியவர்கள் ‘பி-பாய்’, ‘பி-கேர்ள்’. பி என்பது பிரேக். அவர்கள் ஆடியது ‘பிரேக்கிங்’. நாம் சொல்லிப் பழகிய ‘பிரேக்டான்ஸ்’ பத்திரிகையும் சினிமாவும் பரப்பிய பெயர். ஆடுகிறவர்கள் அதை அவ்வளவாக விரும்புவதில்லை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்த ஆட்டம் இடம்பெற்றபோதும் பட்டியலில் இருந்த பெயர் பிரேக்கிங்தான். பிரேக்கில் அடிக்கும் தாளம் ‘பிரேக்பீட்’. நல்ல பிரேக் இருக்கும் பழைய தட்டைத் தேடிக் கடை கடையாக அலைவது ‘டிக்கிங்’, அதாவது தோண்டுவது. பால் பாக்கெட் அடுக்கும் பிளாஸ்டிக் கூடைகளில்தான் தட்டுகளை வைத்திருப்பார்கள் என்பதால் ‘கிரேட் டிக்கிங்’ என்று முழுசாகச் சொல்வார்கள். கண்டுபிடித்த தட்டைப் போட்டியாளர்கள் தெரிந்துகொள்ளாதபடி ஹெர்க் அதன் நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்துவிடுவாராம். சமையற்காரர் மசாலாப் பொடியின் விகிதத்தை மறைப்பது மாதிரி.

இந்தக் கலையின் சொற்கள் எல்லாமே இப்படி ஏதோ ஓர் அறையில், ஏதோ ஒரு கை செய்த வேலைக்கு வைத்த பெயர்கள். அகராதியில் தேடினால் பொருள் கிடைக்கும், ருசி கிடைக்காது. அந்த வேலையைத் தெரிந்துகொண்டால் சொல் தானாகத் திறக்கும்.

கையும் வாயும்

நம்மூரில் டிஜே என்றால் கல்யாண வரவேற்பில் ஒன்றன் பின் ஒன்றாகப் பாட்டுப் போடுகிறவர். ஹிப்ஹாப்பில் அவர் வாத்தியக்காரர்; டர்ன்டேபிள்தான் வாத்தியம். ஹெர்க்குக்குப் பின் வந்த கிராண்ட்மாஸ்டர் ஃப்ளாஷ், பார்படாஸில் பிறந்து பிராங்க்ஸில் வளர்ந்தவர், தொழிற்பள்ளியில் மின்னணுவியல் படித்தவர். ஹெர்க் கண்ணாலும் கையாலும் குத்துமதிப்பாகச் செய்ததை இவர் கணக்காக மாற்றினார். பிரேக் தொடங்கும் இடத்தில் இசைத்தட்டின் மேல் கிரேயானால் கோடு போட்டுவிடுவார். கோடு கடிகார முள் மாதிரி சுற்றும். எத்தனை சுற்று பின்னால் போக வேண்டும் என்று பார்த்தாலே தெரியும். தட்டைக் கையால் பிடித்தாலும் கீழே மேடை சுற்றிக்கொண்டே இருக்கட்டும் என்று நடுவில் கஞ்சி போட்ட ஃபெல்ட் துணியை வைத்தார். இன்று கடையில் கிடைக்கும் ‘ஸ்லிப்மேட்’டுக்கு முன்னோடி அதுதான்.

‘ஸ்கிராட்ச்’ பிறந்த கதை இன்னும் அருமையானது. கிராண்ட் விசர்ட் தியோடர் என்ற சிறுவன் வீட்டில் சத்தமாகத் தட்டுப் போட்டுப் பயிற்சி செய்துகொண்டிருந்தான். அம்மா வந்து சத்தத்தைக் குறைக்கச் சொன்னார். அவர் பேசி முடிக்கும்வரை தட்டைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டிருந்தவன், அந்த ‘ஸிக்கி ஸிக்கி’ ஓசை தாளத்தில் வருவதைக் கேட்டுவிட்டான். 1970-களின் நடுவில் நடந்தது இது.

இனி வாய். எம்சி என்பது ‘மாஸ்டர் ஆஃப் செரிமனிஸ்’ என்பதன் சுருக்கம், நிகழ்ச்சித் தொகுப்பாளர் என்று அர்த்தம். ஆரம்பத்தில் உண்மையிலேயே அதுதான் வேலை. ஹெர்க்கின் நண்பர் கோக் லா ராக் மைக்கைப் பிடித்து, வந்திருக்கும் கூட்டாளிகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார், கூட்டத்தை உசுப்புவார். ஜமைக்காவில் இசைத்தட்டு ஓடும்போது மேலே பேசுவதற்கு ‘டோஸ்டிங்’ என்று பெயர். அமெரிக்கக் கறுப்பர்களிடமும் வாய்ச்சவடால் கதைப்பாட்டு, மாறி மாறிக் கிண்டலடிக்கும் ‘டசன்ஸ்’ விளையாட்டு எல்லாம் ஏற்கெனவே இருந்தன. இந்த ஓடைகள் ஒன்றாய்க் கலந்து, ஒற்றை வரி இரண்டு வரியாகி, இரண்டு வரி பாட்டாக நீண்டது.

எப்போது எம்சி தொகுப்பாளர் என்ற நிலையிலிருந்து கவிஞர் ஆனார்? 1981 டிசம்பரில் ஹார்லெம் வேர்ல்ட் அரங்கில் நடந்த ஒரு மோதலைப் பலரும் கைகாட்டுவார்கள். பிசி பீ என்பவர் கூட்டத்தைக் குதூகலப்படுத்துவதில் மன்னர். அவருக்குப் பின் மேடையேறிய கூல் மோ டீ, அவரையே பேசுபொருளாக்கி, எதுகை மேல் எதுகை அடுக்கி, வரி வரியாகப் பிரித்து மேய்ந்துவிட்டார். கூட்டத்தை ஆடவைப்பது ஒரு திறமை, சொல்லால் வெல்வது வேறு திறமை என்று அன்றைக்குத் தெளிவானது. இப்படி நேருக்கு நேர் மோதுவது ‘பேட்டில்’. தஞ்சைப் பக்கத்து லாவணியில் எரிந்த கட்சி, எரியாத கட்சி என்று இரவு முழுக்க வாதாடியதைக் கேட்டவர்களுக்கு இதன் சூடு உடனே பிடிபடும்.

‘ராப்’ என்ற சொல் இதற்கெல்லாம் முன்பே கறுப்பர் பேச்சு வழக்கில் பேசுவது, உரையாடுவது என்ற பொருளில் இருந்தது. ராப் என்பது செயல், ஹிப்ஹாப் என்பது முழுப் பண்பாடு. டிஜே, எம்சி, பிரேக்கிங், சுவரில் எழுதி வரையும் கிராஃபிட்டி ஆகிய நான்கையும் அதன் கூறுகள் என்பார்கள். ஹிப்ஹாப் என்ற பெயர் வந்த விதம் பற்றி ஒரு கதை புழங்குகிறது. ராணுவத்தில் சேர்ந்த நண்பனைக் கிண்டல் செய்ய, கௌபாய் என்ற எம்சி மேடையிலேயே அணிவகுப்பு நடையை ‘ஹிப், ஹாப், ஹிப், ஹாப்’ என்று பாடிக் காட்டினாராம்.

கிராஃபிட்டிக்குத் தனி அகராதியே வேண்டும். பெயரைக் கிறுக்குவது ‘டேக்’. குமிழ் எழுத்தில் வேகமாகப் போடுவது ‘த்ரோ-அப்’. நேரமெடுத்து வண்ணம் தீட்டுவது ‘பீஸ்’. கற்றுக்குட்டிக்கு ‘டாய்’ என்று பெயர். இப்போதைக்கு இது போதும். நான் காதை வைத்தே இந்த உலகத்துக்குள் வந்தவன்.

ஒரு பார், பதினாறு பார்

அண்ணன் மகன் ஒன்பதாவது படிக்கிறான். போன மாதம் கேட்டான்: “சித்தப்பா, ‘செம பார்ஸ்’னு கமென்ட் போடுறாங்களே, பார்னா என்ன?”

காலைத் தட்டச் சொன்னேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. இந்த நான்கு தட்டு சேர்ந்தது ஒரு ‘பார்’. பெரும்பாலான ராப் பாட்டுகளில் ஒரு பாரில் ஒரு வரி அடங்கும். அதனால்தான் பார் என்ற சொல்லே நாளடைவில் ‘வரி’ என்றும், பிறகு ‘நல்ல வரி’ என்றும் ஆகிவிட்டது. ‘பார்ஸ்!’ என்று ஒருவர் கத்தினால், “அடடா, என்ன வரி!” என்று பொருள். ராப்பில் ஒரு சரணம் வழக்கமாக 16 பார். ‘பதினாறு எழுதிக் கொடு’ என்றால் ஒரு சரணம் எழுதிக் கொடு என்று அர்த்தம். பல்லவி போலத் திரும்பத் திரும்ப வருவது ‘ஹூக்’, கொக்கி. காதில் மாட்டி இழுப்பதால் அந்தப் பெயர். நிமிடத்துக்கு 90 தட்டு ஓடும் பாட்டில் ஒரு பார் ஏறக்குறைய 2.7 நொடி, பதினாறு பார் 43 நொடி. சொல்ல வந்ததை அந்த 43 நொடிக்குள் சொல்லியாக வேண்டும்.

நான்கு தட்டில் முதலும் மூன்றும் கிக் டிரம், ‘டும்’. இரண்டும் நான்கும் ஸ்நேர் டிரம், ‘டக்’. ஆதி தாளத்தில் நம் கை முதல் தட்டைத் தேடிப் போகும். இங்கே அழுத்தம் இரண்டிலும் நான்கிலும் விழும். பழகும்வரை கை கொஞ்சம் தடுமாறும். இந்த டும்-டக் சத்தத்தையே ஆங்கிலத்தில் வாயால் சொன்னால் ‘பூம் பேப்’. 1980-களின் பிற்பகுதி, 90-களின் நியூயார்க் பாணிக்கு அதுவே பெயராகிவிட்டது.

சரி, ‘ஃப்ளோ’? புதிதாகக் கேட்பவர்களை அதிகம் குழப்புவது இந்தச் சொல்தான். விளக்கம் சொல்வதைவிட நான்கு வரி எழுதிக் காட்டுகிறேன்.

காலையில கடையில கிளாசுல ஆவி
வேலைக்குப் போறவன் கையில சாவி
மாலையில பஸ்சுல எழுப்புறாரு கூவி
ஆறுன டீயிலயும் என்கிட்டயும் இல்ல ஆவி

முதல் வரியைக் காலைத் தட்டிக்கொண்டே சொல்லுங்கள். கா-லை-யி-ல, க-டை-யி-ல, கி-ளா-சு-ல என்று ஒவ்வொரு தட்டிலும் நான்கு அசை. தகதிமி, தகதிமி, தகதிமி. நான்காவது தட்டில் ‘ஆவி’ இரண்டே அசை, மிச்சம் மௌனம். இது சதுஸ்ர நடை. இப்போது இரண்டாம் வரி. வே-லைக்-குப், போ-ற-வன், கை-யி-ல. ஒவ்வொரு தட்டிலும் மூன்றுதான். தகிட, தகிட, தகிட. தாளத்தின் வேகம் மாறவே இல்லை, ஆனால் பேச்சு வேறு மாதிரி உருள்கிறது. இதுதான் ஃப்ளோ மாறுவது. தட்டுக்கு மூன்றாகப் பிரிக்கும் இந்தத் திஸ்ர நடையை அவர்கள் ‘டிரிப்லெட் ஃப்ளோ’ என்பார்கள். மெம்ஃபிஸ் ராப்பில் 90-களிலேயே இருந்த இது, 2013-ல் அட்லான்டாவின் மிகோஸ் குழு மூலம் உலகம் முழுக்கத் தொற்றியது.

நான்காம் வரியை இன்னொரு விதமாகச் சொல்லிப் பாருங்கள். ‘ஆறுன’ என்பதைத் தட்டுக்குச் சற்று முன்பே எடுத்து, ‘இல்ல’ சொன்னதும் ஒரு கணம் நிறுத்தி, அப்புறம் ‘ஆவி’. அதீத எடுப்பு, அனாகத எடுப்பு என்று பாட்டு வாத்தியார் சொல்லிக் கொடுப்பதை இவர்கள் ‘தட்டுக்கு முன்னால்’, ‘தட்டுக்குப் பின்னால்’ என்கிறார்கள். யார் எந்தச் சொல்லைத் தாளத்தின் எந்த இடத்தில் வைக்கிறார், எங்கே மூச்சு விடுகிறார், எங்கே பிடித்து வைக்கிறார் என்பதுதான் ஒருவருடைய ஃப்ளோ. குரலை நீக்கிவிட்டாலும் கைரேகை போல அது அடையாளம் காட்டும்.

எதுகை, இயைபு இரண்டும் இந்த வரிகளில் கண்ணுக்குத் தெரிகின்றன. காலை, வேலை, மாலை வரியின் தலையில். ஆவி, சாவி, கூவி வால் பக்கத்தில். ஆங்கில ராப் தொடக்க காலத்தில் பெரும்பாலும் வால் பக்கத்து இயைபைத்தான் நம்பியிருந்தது. 1986, 87-ல் வந்த ராக்கிம் என்ற ராப்பர் அதை மாற்றினார். சாக்ஸபோன் வாசித்தவர், ஜாஸ் மேதை ஜான் கோல்ட்ரேனைக் கேட்டு வளர்ந்தவர். வரிக்கு நடுவிலும் ஒலி ஒத்துப்போகும் ‘இன்டர்னல் ரைம்’, ஒரே நேரத்தில் மூன்று நான்கு அசைகள் ஒத்துவரும் ‘மல்ட்டி’ ஆகியவற்றைச் சாக்ஸபோன் வாசிப்பதுபோல் வரி தாண்டி ஓடவிட்டார். எதுகை மோனையோடு பிறந்த காதுக்கு இது புதிதல்ல. அதனால்தான் தமிழ் வாசகர் ராக்கிமை வேகமாகப் பிடித்துக்கொள்வார் என்று நம்புகிறேன்.

நான்காம் வரிதான் ‘பஞ்ச்லைன்’. ஆறிய டீயில் ஆவி இல்லை. களைத்துப்போன ஆளிடமும் ஆவி இல்லை. நம் புலவர்கள் இதைச் சிலேடை என்றார்கள். ராப்பில் இது ‘டபுள் ஆன்டான்ட்ரா’. மேடையில் யோசிக்காமல் அந்தக் கணத்தில் கட்டிப் பாடுவது ‘ஃப்ரீஸ்டைல்’, நம்முடைய ஆசுகவி. மூத்த எம்சிக்கள் சிலர் இதில் ஒரு திருத்தம் சொல்வதுண்டு: அவர்கள் காலத்தில், எந்தப் பொருளையும் பற்றாமல் சும்மா திறமை காட்ட எழுதிவைத்த பாட்டுக்குத்தான் ஃப்ரீஸ்டைல் என்று பேர்.

பீட் போடுகிறவர்

பீட் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று, தட்டு. இன்னொன்று, ராப் ஏறும் முழு இசைத்தளம். “இந்தப் பீட் யார் போட்டது?” என்று கேட்டால் இரண்டாவது பொருள். அதைப் போடுகிறவர் ‘ப்ரொட்யூசர்’. தமிழில் தயாரிப்பாளர் என்று எழுதினால் பணம் போட்டவர் என்று ஆகிவிடுகிறது. இங்கே அவர்தான் இசையமைப்பாளர்.

ஹெர்க் கையால் நீட்டிய பிரேக்கை 1980-களில் இயந்திரம் நீட்டத் தொடங்கியது. பழைய தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்தால் ‘சாம்பிள்’, அதைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டால் ‘லூப்’, கீரைபோல நறுக்கி வேறு வரிசையில் அடுக்கினால் ‘சாப்’. 1987-ல் வந்த எஸ்பி-1200 என்ற இயந்திரத்தின் நினைவகத்தில் மொத்தமே சுமார் 10 நொடி ஒலிதான் கொள்ளும். இளைஞர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நிமிடத்துக்கு 33 சுற்று ஓட வேண்டிய தட்டை 45-ல் ஓட்டிப் பதிவு செய்தால் குறைந்த நேரத்தில் அடங்கிவிடும். பிறகு இயந்திரத்துக்குள் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். அப்படிக் குறைத்ததால் வந்த கரகரப்பே அந்தக் காலத்து ஒலியின் அழகாகிவிட்டது. அடுத்த வருடம் ரோஜர் லின் வடிவமைத்த அகாய் எம்பிசி-60 வந்தது. நாலுக்கு நாலு, 16 ரப்பர் கட்டைகள். விரலால் தட்டி வாசிக்கலாம்.

எம்பிசியில் ‘குவான்டைஸ்’ என்று ஒரு வசதி. விரல் கொஞ்சம் முன்னே பின்னே தட்டினாலும் இயந்திரம் அதைச் சரியான கட்டத்தில் உட்காரவைத்துவிடும். டெட்ராய்ட்டின் ப்ரொட்யூசர் ஜே டில்லா பல இடங்களில் அந்த உதவியை வேண்டாம் என்று அணைத்துவிட்டார். அவருடைய கிக் சற்றுத் தள்ளாடும், ஸ்நேர் ஒரு மயிரிழை முந்தும். கேட்டால் பக்கத்தில் மனிதர் ஒருவர் தலையாட்டிக்கொண்டிருப்பது மாதிரி இருக்கும். 2006 பிப்ரவரியில் 32 வயதில் இறந்துபோனார். அவருடைய எம்பிசி இப்போது வாஷிங்டனில், ஸ்மித்சோனியனின் ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

‘எயிட்-ஓ-எயிட்’ என்று கேட்டிருப்பீர்கள். ஜப்பானின் ரோலண்ட் நிறுவனம் 1980-ல் கொண்டுவந்த டிஆர்-808 டிரம் இயந்திரம் அது. நிஜ டிரம்ஸ் மாதிரியே இல்லை என்று பலர் ஒதுக்கினார்கள், மூன்று வருடத்தில் உற்பத்தியும் நின்றது. பழைய விலைக்கு வந்தபோது பணமில்லாத இளைஞர்கள் கையில் சேர்ந்தது. அதன் கிக், மத்தளத்தின் தொப்பிப் பக்கம் கும்கி நீள்வதைப்போல நீண்டு அதிரும். இன்று ‘808’ என்றால் இயந்திரத்தையே குறிப்பதில்லை, அடிவயிற்றில் இடிக்கும் அந்த பேஸ் ஒலிக்கே பெயர்.

சாம்பிள் எடுப்பது திருட்டா? ஹிப்ஹாப்புக்குள்ளேயே இதற்கு ஒரு நீதி உண்டு. இன்னொரு ராப்பரின் பாணியை, வரியை அப்படியே எடுத்தால் அது ‘பைட்டிங்’, கடிப்பது. அதைவிட அவமானம் கிடையாது. பழைய தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து வேறொன்றாக மாற்றினால் அது கலை. நீதிமன்றம் அப்படிப் பார்க்கவில்லை. 1991-ல் பிஸ் மார்க்கி என்ற ராப்பர் மீது வந்த வழக்கில் நியூயார்க் நீதிபதி, ‘திருடாதே’ என்ற பைபிள் கட்டளையோடு தீர்ப்பைத் தொடங்கினார். அன்றிலிருந்து ‘கிளியரன்ஸ்’, முன் அனுமதி, வாங்காமல் வெளியிட நிறுவனங்கள் பயந்தன. ஒரே பாட்டில் பத்திருபது துண்டு கோத்த காலம் முடிந்தது. கலை என்று நான் சொன்னாலும், மறுபக்கத்தையும் மறக்க முடியவில்லை. 1969-ல் வின்ஸ்டன்ஸ் குழுவின் கிரெகரி கோல்மன் வாசித்த ஆறு நொடி பிரேக், ‘ஆமென் பிரேக்’, ஆயிரக்கணக்கான பாட்டுகளில் ஓடியது. அவருக்கு அதிலிருந்து ஒரு காசும் வரவில்லை. வீடில்லாமல், வறுமையில் 2006-ல் இறந்தார்.

நம் இசையும் இந்தத் துண்டுகளில் உண்டு. ஈழத் தமிழ்க் குடும்பத்தைச் சேர்ந்த லண்டன் கலைஞர் எம்.ஐ.ஏ., 2007-ல் வெளியிட்ட ‘கலா’ தொகுப்பின் முதல் பாட்டிலேயே ‘தளபதி’யின் ‘காட்டுக்குயிலு’ கேட்கும். அதற்கு ஒரு வருடம் முன்பு மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா குழுவோடு ‘மடை திறந்து’ பாட்டை எடுத்துத் தமிழ் ராப்பாக்கிப் பட்டிதொட்டிக்கெல்லாம் கொண்டுபோனார். ராப்புக்குச் ‘சொல்லிசை’ என்று அழகான பெயர் புழங்குவதும் இந்தத் தமிழ்க் கலைஞர்களால்தான்.

கெட்டது என்றால் நல்லது

இனி தெருப் பேச்சு. ‘பேட்’ என்றால் அபாரம், நோயைக் குறித்த ‘சிக்’, ‘இல்’ என்றால் பிரமாதம், போதைப்பொருளைக் குறித்த ‘டோப்’ என்றால் அருமை. ஏன் இப்படித் தலைகீழ் என்று கேட்பவர்கள் தங்கள் வாயையே கவனித்தால் போதும். பிரியாணி ‘பயங்கரமா’ இருந்தது, பாட்டு ‘தெறி’, நடிப்பு ‘வெறித்தனம்’, ஹீரோ வந்து நின்றால் ‘மரண மாஸ்’. மிதமான நல்ல சொற்கள் தேய்ந்து போகும்போது பேச்சு, பயமுறுத்தும் சொற்களிடம் கடன் வாங்கும். கறுப்பர் பேச்சில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்கிறது: மேலே இருப்பவர்களுக்குப் புரியாமல் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டிய வரலாறு. நேரடியாகவே மட்டம் என்று சொல்ல ‘வேக்’ இருக்கிறது; அதற்கு மறுபொருள் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது ‘பிளிங்’. 1999-ல் நியூ ஆர்லியன்ஸ் ராப்பிலிருந்து பரவியது. நகை மினுக்கல் என்று பொருள். ஒளி பட்டு வைரம் மின்னும்போது சத்தமே வராது. வந்தால் எப்படி இருக்கும் என்று கேட்டு, அதற்கு ஓர் ஒலியைக் கொடுத்திருக்கிறார்கள். பளபள, மினுமினு, பளிச் என்று வெளிச்சத்துக்குச் சத்தம் வைத்த மொழிக்காரர்கள் நாம். அந்தச் சொல்லை உருவாக்கிய மனம் எனக்கு மிக அருகில் இருக்கிறது.

‘டிஸ்’ என்றால் அவமதித்தல். ‘டிஸ்ரெஸ்பெக்ட்’ என்பதன் தலைப்பகுதி. ‘பீஃப்’ என்றால் பகை. குறை, புகார் என்ற பொருளில் அமெரிக்கப் பேச்சில் ஏற்கெனவே இருந்தது. பகைவரைத் தாக்கி எழுதும் பாட்டு ‘டிஸ் டிராக்’, நம் வசைக்கவி. 1984-ல் ஓர் ஆண் குழு, தங்களைக் கண்டுகொள்ளாத ரோக்ஸேன் என்ற பெண்ணைக் கிண்டல் செய்து பாட்டு வெளியிட்டது. குயின்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பைச் சேர்ந்த 14 வயதுப் பெண் ரோக்ஸேன் ஷான்டே அந்தப் பெண்ணின் குரலில் பதிலடி கொடுத்தார். அதற்குப் பதில், பதிலுக்குப் பதில் என்று டஜன்கணக்கில் பாட்டுகள் வந்தன. 2024-ல் ராப்பர்கள் கென்ட்ரிக் லமாரும் டிரேக்கும் மோதியது இந்த வரிசையில்தான் வருகிறது.

சில சொற்கள் இடம் மாறும்போது காயத்தை உதறிவிடும். ‘ட்ராப்’ என்பது அட்லான்டாவில் போதைப்பொருள் விற்கும் வீடு. உள்ளே போனால் வெளியே வர முடியாத பொறி. இன்று சினிமாப் பாட்டில் ‘ட்ராப் பீட்’ என்றால் படபடவென அடிக்கும் ஹை-ஹேட் என்ற ஜால்ராத் தகடும் 808-உம் மட்டுமே. ‘ட்ரில்’ என்பதும் சிகாகோவின் தெற்குப் பகுதியில் துப்பாக்கிச் சூட்டைக் குறித்த சொல். 2010-க்குப் பிறகு அங்கிருந்து லண்டன், லண்டனிலிருந்து புரூக்ளின் என்று அலைந்தது. ‘கேப்’ என்றால் பொய், ‘நோ கேப்’ என்றால் சத்தியமாக. ‘கோட்’ என்றால் ஆடில்லை, எல்லாக் காலத்திலும் சிறந்தவர்; ‘கிரேட்டஸ்ட் ஆஃப் ஆல் டைம்’ என்பதன் முதலெழுத்துகள். ராப்பர் எல்எல் கூல் ஜே 2000-த்தில் தன் தொகுப்புக்கே அந்தப் பெயரை வைத்தார்.

ஒரு சொல்லை மட்டும் நான் இங்கே எழுதப்போவதில்லை. அடிமை முறையின்போது கறுப்பர்களை இழிவுபடுத்தச் சொன்னது, ‘என்’ என்ற எழுத்தில் தொடங்குவது. கறுப்பின ராப்பர்கள் பலர் அதை எடுத்துத் தங்களுக்குள் தோழமைச் சொல்லாக மாற்றிப் பாடுகிறார்கள். அவர்களிலேயே அதை ஏற்காதவர்களும் உண்டு. பாட்டில் வருகிறதே என்று நாம் சேர்ந்து பாடக் கூடாது. சாதிப் பெயரை வசவாக வீசுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஒரே சொல் யார் வாயில் இருக்கிறது என்பதில் எல்லாமே மாறிவிடும் என்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை.

வட்டத்துக்கு ஒரு சொல்

எம்சிக்கள் தெருமுனையில் வட்டமாக நின்று ஒருவர் பின் ஒருவராகப் பாடுவார்கள். மைக் இருக்காது, ஒருவர் வாயாலேயே தாளம் கொடுப்பார், அது ‘பீட்பாக்ஸ்’. அந்த வட்டத்துக்குப் பெயர் ‘சைஃபர்’. பி-பாய்கள் சுற்றி நிற்க ஒருவர் நடுவில் ஆடுவதும் சைஃபர்தான்.

1964-ல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் தொடங்கிய ‘ஃபைவ் பர்சென்ட்’ என்ற இயக்கத்திலிருந்து இந்தச் சொல் வந்தது. எண்கள் ஒவ்வொன்றுக்கும் அவர்களிடம் ஒரு தத்துவப் பொருள் உண்டு: ஒன்று அறிவு, பூஜ்யம் சைஃபர், அதாவது முழு வட்டம். ராக்கிம் உட்பட நியூயார்க் ராப்பர்கள் பலர் அந்த இயக்கத்தில் இருந்ததால் அதன் பேச்சு ராப்புக்குள் வந்தது. ‘வேர்ட் இஸ் பாண்ட்’, சொன்ன சொல்லே பத்திரம், என்பதும் அங்கிருந்துதான், அதைச் சுருக்கித்தான் “உண்மை!” என்ற பொருளில் ‘வேர்ட்’ என்கிறார்கள்.

சைஃபர் என்ற சொல்லை இன்னும் பின்னால் துரத்தினால் அரபியின் ‘ஸிஃப்ர்’ வரும். வெறுமை, பூஜ்யம் என்று பொருள். இந்தியக் கணக்கின் ‘சூன்யம்’ அரபிக்குப் போனபோது அதற்கு வைத்த பெயர். ஐரோப்பா வழியாக ஆங்கிலத்தில் சைஃபர் ஆகி, ஆங்கிலேயர் பள்ளிக்கூடத்தோடு நம்மிடமே திரும்பி வந்தது. “கணக்குல சைபர் வாங்கிட்டு வந்திருக்கான்” என்று தாத்தாக்கள் சொல்வார்களே, அந்தச் சைபர்தான். (சைபர் கிரைம் வேறு சொல், வேறு வேர்.) இங்கே கிளம்பிய வெறும் வட்டம் பாக்தாத், ஐரோப்பா, ஹார்லெம் என்று போய், பிராங்க்ஸ் தெருவில் பையன்கள் தோளோடு தோள் நிற்கும் வட்டமாயிருக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

அண்ணன் மகனுக்கு இதெல்லாம் சொன்ன பிறகு ஒரு வேலை கொடுத்தேன். நிதானமான பாட்டு ஒன்றைப் போட்டு, ‘டக்’ விழும் இரண்டாவது, நான்காவது தட்டில் மட்டும் தொடையில் தட்ட வேண்டும். நான்கு தட்டுக்கு ஒரு விரல் மடக்கி, பதினாறு வரை எண்ண வேண்டும். ஹூக் வந்து சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். முதல் தடவை ஆறாவது விரலில் கணக்கு விட்டுப்போனது. அந்த இடத்தில்தான் ராப்பர் தட்டுக்கு முன்னாலேயே வரியைத் தொடங்கியிருந்தார். பாட்டைப் பின்னுக்கு இழுத்து, அந்த ஒரு வரியை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான்.